ஆற்றுப்பாதையும் நடுத்தெருவும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கரன்கோவிலிலிருந்து கிளம்பி ஊர் ஊராகச் சைக்கிள் மிதிக்கிற கூட்டத்தில் நான் சேர்ந்ததற்குக் காரணம் சர்க்கரை வியாதி. கடைவாய்ப் பல் என்றும் சொல்லலாம். பல் டாக்டர்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர். என் வாய்க்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு, "சார், சுகருக்கு சைக்கிள் மாதிரி மருந்து கிடையாது. வார ஞாயிறு வந்துருங்க" என்றார். அந்த நிலைமையில் எவனால் மறுத்துப் பேச முடியும்? தலையை ஆட்டி வைத்தேன்.

மின்வாரிய ஆபீஸில் வேலை, ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான். கியர் வைத்த சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியபோது மனைவி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "உங்க அப்பா வெயில்ல சைக்கிள் மிதிச்சு உங்களப் படிக்க வச்சது, நீங்க ஆபீசரா ஆயிட்டு மறுபடியும் சைக்கிள் மிதிக்கவா?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். நான் டயருக்குக் காற்று அடித்தேன்.

பாதை போடுவதுதான் டாக்டரின் பைத்தியம். வாரம் முழுக்க அடுத்தவன் பல்லைக் குடைந்துகொண்டே, செல்போனில் எந்தக் கண்மாய்க்கரை எந்த வண்டிப்பாதையில் போய்ச் சேருகிறது என்று பார்த்து வைத்திருப்பார். சனிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் நீலக் கோடாக ஒரு வரைபடம் வந்து விழும். ஒரு வாரம் பனவடலிசத்திரம் பக்கம், காற்றாலைகளுக்கு அடியில், எதிர்காற்றில் மூச்சு வாங்க வாங்க. ஒரு வாரம் மேற்கே, மலையைப் பார்த்தபடி. மலை கிட்டத்தில் இருக்கிற மாதிரியே தெரியும், மிதிக்க மிதிக்க வந்து சேராது. கரிசல் மண் சாலையில் மக்காச்சோளத் தட்டைக்கும் பருத்திக்கும் நடுவே நாங்கள் வரிசையாகப் போவதை, ஆடு மேய்ப்பவர்கள் கம்பை ஊன்றிக்கொண்டு பார்ப்பார்கள். பளபளவென்று பச்சை பனியனும் இறுக்கிப் பிடித்த கால்சட்டையும் ஹெல்மெட்டுமாக, கிழவனும் குமரனும் வேலைவெட்டி இல்லாமல் சைக்கிளில் போவதைப் பார்த்தால் எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கும்.

கூட்டத்தில் எல்லோருக்கும் பிடித்தது ஆற்றுப்பாதை. கரிவலம்வந்தநல்லூர் போய், அங்கிருந்து நிட்சேப நதியின் கரையைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும். பெயர்தான் நதி. வருஷத்தில் பெரும்பகுதி மணலும் சீமைக்கருவேலமும்தான். கார்த்திகையில் மழை வந்தால் தண்ணீர் வரும், வந்த வேகத்தில் போய்விடும். ஆனாலும் கரையோரம் கிணற்றுப் பாசனத்தில் நெல் நிற்கும், கொக்கு நிற்கும், தென்னை நிற்கும். வறட்டுக் காட்டில் மிதித்து வந்தவனுக்கு அந்தக் குளிர்ச்சியே போதும். அந்தக் கரையில் ஓர் ஊரைத் தொடாமல், ஊரின் கிழக்கு முதுகை ஒட்டி, ஆற்றுக்குள் இறங்கி ஏறி வளைந்து வளைந்து ஓர் ஒற்றையடிப்பாதை போகும்.

"எந்த ரசனைக்காரன் போட்டான்னு தெரியலயே சார்! ஊர்ச் சத்தமே இல்லாம, ஆத்த மட்டும் பாத்துக்கிட்டே போற மாதிரி" என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் நிறுத்திப் படம் எடுப்பார்.

போட்டவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அந்த ஊர்தான் என் ஊர். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அந்த ஓர் ஊரில் மட்டும்தான் இப்படி என்று பக்கத்து ஊர்க்காரர்களெல்லாம் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள்.

ஊருக்குள் நேராக ஒரு தெரு இருக்கிறது. நடுத்தெரு. நிலபுலன் உள்ளவர்களின் தெரு. கிழக்கே ஆற்றை ஒட்டி எங்கள் தெரு. அந்த வயல்களில் நாற்றும் நடவும் அறுப்பும் எங்கள் ஆட்கள்தான். எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் நடுத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். அதில் எங்கள் ஆட்கள் சைக்கிளில் உட்கார்ந்து போகக்கூடாது. இந்தக் கடைசியில் உள்ள ஆலமரத்தில் இறங்க வேண்டும். அம்மன் கோவில் தாண்டி, அந்தக் கடைசியில் உள்ள ரேஷன் கடை வரை உருட்டிக்கொண்டு போய், பிறகு ஏறிக்கொள்ளலாம். யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தால்தானே அழிக்க முடியும்?

மற்ற ஊர்ப் பிள்ளைகள் சைக்கிள் பழகும்போது முதலில் ஏறப் பழகுவார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் முதலில் இறங்கப் பழகினோம். பிரேக் பிடித்து, நின்று, காலை ஊன்றி இறங்குவது அப்பாவுக்குப் பிடிக்காது. அவர் ஓர் இறக்கம் வைத்திருந்தார். ஆலமரத்துக்குக் கொஞ்சம் முன்பே இடது காலைப் பெடலில் நிறுத்தி, வலது காலைப் பின்னால் சுழற்றி எடுத்து, வேகம் குறையாமலே தரையில் கால் வைத்து, அப்படியே நடையைத் தொடங்கிவிடுவார். பார்க்கிறவர்களுக்கு, அவருக்கே நடக்க ஆசை வந்து இறங்கின மாதிரி இருக்கும். "அவனுக எறங்கச் சொல்லி எறங்கினோம்னு இருக்கக்கூடாதுல" என்பார். மனிதன் தன் மானத்தை எங்கெங்கே கொண்டுபோய் ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது பாருங்கள். அதே இறக்கத்தைத்தான் எனக்கும் அண்ணனுக்கும் ஆற்று மணலில் விட்டுப் பழக்கினார்.

அண்ணன் அதைப் பழகினான், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. சங்கரன்கோவிலில் விசைத்தறிக்கு வேலைக்குப் போய், சொந்தச் சம்பளத்தில் புதுச் சைக்கிள் வாங்கிய வாரமே, ஆலமரத்தைத் தாண்டி சீட்டில் உட்கார்ந்தபடி போனான். பாதித் தெரு போய்விட்டான். கோவில் வாசலில் ஒருவர் மாட்டை ஓட்டுகிற தார்க்கம்பைச் சக்கரத்துக்குள் விட்டார். விழுந்தவனின் முழங்காலில் மிதித்தார்கள். புத்தூர்க்கட்டு போட்டும் கால் சரியாகச் சேரவில்லை. சைக்கிளிலிருந்து தானாகத் தவறி விழுந்ததாகப் பேசி முடித்து வைத்தார்கள். பேசி முடித்தவர்களில் எங்கள் தெருக்காரர்களும் உண்டு. அறுப்பு நேரம், வேலை கெட்டுவிடும் என்று பயம்.

அதற்குப் பிறகு எங்கள் தெரு நடுத்தெருவுக்குப் போவதை விட்டுவிட்டது. ஆற்றுக்குள் இறங்கி, மணலில் மிதித்து, முள்ளை வெட்டி, கரையேறி, சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள், மாட்டுப்பால் கொண்டு போகிறவர்கள், பிணம் தூக்கிப் போகிறவர்கள் எல்லோரும். அப்படி மிதித்து மிதித்து விழுந்ததுதான் டாக்டருடைய ரசனைக்காரன் போட்ட பாதை. அவர் படம் எடுக்கும்போதெல்லாம் நான் தள்ளி நின்று தண்ணீர் குடிப்பேன்.

காலம் மாறாமல் இல்லை. மோட்டார் சைக்கிள் வந்தது. எங்கள் பையன்கள் துபாய் போய்வந்து வாங்கின வண்டிகளில் நடுத்தெருவில் சர்ரென்று போனார்கள். யாரும் தடுக்கவில்லை, தடுக்க முடியவில்லை. அதற்குள் நான் சங்கரன்கோவிலில் குடியேறிவிட்டேன். ஊருக்குப் போனால் பஸ், இல்லையென்றால் ஆட்டோ. அந்தத் தெருவில் சைக்கிளில் போக வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை. எல்லாம் முடிந்த கதை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன கார்த்திகையில் நல்ல மழை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஞாயிறு ஒற்றையடிப்பாதை தொடங்குகிற இடத்தில் போய் நின்றால், பாதை இருக்கிற இடத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. கூட்டம் ஆளுக்கொரு படம் எடுத்தது. டாக்டர் செல்போனைப் பார்த்தார். "பிரச்சினையில்ல. இந்த ஊருக்குள்ளயே நேரா ஒரு தெரு போகுது. அதுல பூந்து மெயின் ரோட்டப் பிடிச்சிரலாம்" என்றார். எல்லோரும் சைக்கிளைத் திருப்பினார்கள். நான் நடுவில் இருந்தேன். திரும்பாமல் இருக்க வழியில்லை.

ஆலமரம் வந்தது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பயப்படக்கூட இல்லை. இடது கால் பெடலில் நின்றது, வலது கால் பின்னால் சுழன்று தரையில் வந்து நின்றது. சீட்டில் இருந்த நான் நடந்துகொண்டிருந்தேன். இத்தனை வருஷம் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து தொப்பை போட்ட உடம்பு, அப்பா பழக்கிய இறக்கத்தை மட்டும் இம்மி பிசகாமல் செய்தது.

பின்னால் வந்தவர்கள் பிரேக் பிடித்தார்கள். "என்ன சார், பஞ்சரா?" என்று ஒருவர் கேட்டார். முன்னால் போன டாக்டர் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், தெருவில் முன்னால் தெரிந்த அம்மன் கோவிலைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "ஓ, கோவில் இருக்கா! சாருக்கு எவ்வளவு பக்தி பாருங்க. நமக்குத் தோணலயே" என்று சொல்லிக்கொண்டே இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார். அவர் இறங்கியதும் எல்லோரும் இறங்கினார்கள். பச்சை பனியன் போட்ட அத்தனை பேரும் வரிசையாக, தலை குனிந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடுத்தெருவில் நடந்தோம்.

கோவில் வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத் தார்க்கம்பை விட்டவர் செத்துப் போய் நாளாகிவிட்டது. அப்போது பக்கத்தில் நின்று சிரித்தவர்களில் இவர் ஒருவர். எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார். "சந்தோசம்யா. படிச்ச ஆளுக, வெளியூர் ஆளுக, இருந்தும் மரியாத தெரியுது. இப்ப உள்ள பயலுவளுக்கு அது எங்க இருக்கு?" என்றார். டாக்டர் நெகிழ்ந்துபோய் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். பெரியவர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து என் முகத்தில் நிறுத்தினார்.

"நீ கெழக்குத்தெரு ஆளுல்லா? கரண்ட் ஆபீஸ்ல இருக்கவன்?"

"ஆமா."

"நீதான் இவுகளுக்குச் சொல்லிக் குடுத்தியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பல் பாதி இல்லை. "நல்லாத்தான் பழக்கி வச்சிருக்க."

செருப்பால் அடித்திருந்தால்கூட அன்றைக்கு ஏதாவது செய்திருப்பேன் என்று நினைக்கிறேன். சிரித்தவரை என்ன செய்வது? உருட்டிக்கொண்டு ரேஷன் கடை வரை நடந்து, ஏறி, சங்கரன்கோவிலுக்கு வந்து, எல்லோரோடும் சேர்ந்து இட்லி தின்றேன். சாயங்காலம் குழுவில் டாக்டர் அந்த நீலக் கோட்டைத் திருத்தி அனுப்பியிருந்தார். நடுத்தெருவில் ஒரு சிவப்புப் புள்ளி. அதன் பக்கத்தில், "இந்த இடத்தில் இறங்கி நடந்து செல்லவும். ஊர் மரபு" என்று எழுதியிருந்தது. கீழே கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. அப்பாவும் அவருக்கு முன்னால் இருந்தவர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்ததற்கு, அண்ணன் காலைக் கொடுத்து மறுத்ததற்கு, ஒரு பல் டாக்டர் பூப்போட்டுப் பெயர் வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் அண்ணனைப் பார்க்க ஊருக்குப் போனேன். ஆற்றோரம் கொஞ்சம் வயல், நாலைந்து ஆடு, அதுதான் அவன் உலகம். ஒரு காலை இழுத்து இழுத்து ஆட்டுக்குத் தின்ன வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தவில்லை.

"தொப்பி போட்டு, பச்சை பனியன் போட்டு, எறங்கி உருட்டிட்டுப் போனீயளாமே. தெருவே சிரிக்கி" என்றான்.

"அண்ணே, அது..."

"ஒண்ணு மட்டும் கேக்கேன். உன்னய யாரும் எறங்கச் சொன்னாவளா?"

"இல்ல."

"முறைச்சாவளா?"

"இல்ல."

"பெறகு ஏம்லே எறங்குன?"

கால் தானாக இறங்கிவிட்டது என்று அவனிடம், அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு, எப்படிச் சொல்வது? "போய் டாக்டர்ட்ட விசயத்தச் சொல்லுதேன். அந்தப் புள்ளிய எடுக்கச் சொல்லுதேன்" என்றேன்.

"என்னமும் சொல்லு. எனக்கு அதுல என்ன கெடக்கு?" என்றான். பிறகு, "சொல்லுதேன் சொல்லுதேன்னு எங்கிட்ட வராத. ஒழுங்கா ஒரு தடவ எறங்காமப் போயிட்டு வா, கேட்டுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டான்.

டாக்டரிடம் சொன்னேன். நோயாளிகள் போனபிறகு, அதே நாற்காலியில் உட்கார்ந்து, இந்தத் தடவை வாய் என் வசம் இருந்ததால், அப்பாவின் இறக்கம், அண்ணனின் முழங்கால், ஆற்றுப்பாதை எப்படி விழுந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. முகம் வாடிவிட்டது. கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார்.

"எனக்குச் சத்தியமாத் தெரியாது சார். ஆனா ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காதீங்க. இப்ப யாரு சார் இதெல்லாம் பாக்கா? அன்னைக்கும் உங்கள யாரும் எறங்கச் சொல்லலயே. நீங்களா எறங்கிட்டு, நீங்களே மறக்காம வச்சிருந்தா எப்படி?"

அண்ணன் கேட்ட அதே கேள்விதான். அண்ணன் கேட்டபோது வெட்கமாக இருந்தது. இவர் கேட்டபோது எரிந்தது. "நான் மறக்கலாம் டாக்டர். என் கால் மறக்கல. அன்னைக்கு நீங்க எல்லாரும் எறங்கினீங்க, உங்களுக்கு அது ஒரு நாள் பக்தி. அந்தப் புள்ளிய எடுங்க, அது போதும்" என்று கத்திவிட்டேன். வெளியே இருந்த கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார்.

"எடுத்துருதேன் சார், எடுத்துருதேன்" என்றார்.

எடுத்துவிட்டார். சொன்ன சொல் தவறாத மனிதர். சனிக்கிழமை வந்த புதிய நீலக் கோட்டில் சிவப்புப் புள்ளி இல்லை. நடுத்தெருவும் இல்லை. ஆற்றுப்பாதையும் இல்லை. என் ஊரே இல்லை. கோடு கரிவலம்வந்தநல்லூரோடு திரும்பி, மெயின் ரோட்டைப் பிடித்து, லாரிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. கீழே டாக்டர் எழுதியிருந்தார்: "உள்ளூர்ப் பிரச்சினை காரணமாகப் பாதை மாற்றப்பட்டுள்ளது." அதற்கும் கும்பிடுகிற கைகள் வந்தன. ஒருவர், அய்யோ எவ்வளவு அழகான ஆற்றுப்பாதை, யாரோ கெடுத்துவிட்டார்களே என்று வருத்தப்பட்டிருந்தார். அந்த யாரோ நான்தான். ஒழிக்கச் சொன்னது இறங்குவதை. அவர்கள் ஒழித்தது ஊரை.

அந்த ஞாயிறு நான் கூட்டத்தோடு போகவில்லை. அதே சைக்கிள், ஆனால் பச்சை பனியன் போடவில்லை, ஹெல்மெட் போடவில்லை. சாதாரண வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். போகிற இடத்தில் என்னை யாரும் வெளியூர்க்காரன் என்று நினைத்துவிடக்கூடாது. கியர் சைக்கிளில் வேட்டி கட்டிப் போவது எவ்வளவு கஷ்டம் என்று போனவர்களுக்குத்தான் தெரியும். கரிவலம்வந்தநல்லூர் தாண்டி ஆற்றங்கரைக்கு வந்தபோது தண்ணீர் வடிந்திருந்தது. ஒற்றையடிப்பாதை சேறு காய்ந்து மறுபடியும் தெரிந்தது, யாரோ அதற்குள் நடந்துபோன காலடிகளும் இருந்தன. அதில் திரும்பாமல் ஊருக்குள் போனேன்.

ஆலமரம் வந்தபோது ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தேன். வலது கால் துடித்தது. அதைப் பெடலோடு சேர்த்து அழுத்தி, பேய் பிடித்தவன் மாதிரி மிதித்தேன். கோவில் வாசலில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று என் முதுகு முழுக்கக் காத்திருந்தது. அவர் பேப்பரை மடித்து ஈயை விரட்டினார். நான் போய்க்கொண்டே இருந்தேன். ரேஷன் கடை தாண்டி, மெயின் ரோட்டுப் பாலத்தில் ஏறி, சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றேன். அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"போயிட்டேன்" என்றேன்.

"எங்க?"

"நடுத்தெரு. சைக்கிள்ல."

"எறங்காமலா?"

"எறங்கல."

அந்தப் பக்கம் ஆடு கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. காலை இழுத்துக்கொண்டு எங்கேயோ போய் உட்கார்ந்தான் போலிருக்கிறது. விழுந்த நாளுக்குப் பிறகு அவன் அந்தத் தெருவில் கால் வைத்ததே இல்லை. எல்லோரும் மோட்டார் சைக்கிளில் போகத் தொடங்கிய பிறகும், அவன் ஆற்றுக்குள் இறங்கிச் சுற்றித்தான் போவான்.

"நான் கோவில் வரைக்கும்லா போனேன்" என்றான். "அதுக்கு அங்கிட்டு, சீட்டுல உக்காந்து பாத்தா எப்படிலே இருக்கு?"

திரும்பிப் பார்த்தேன். பாலத்திலிருந்து தெருவின் இந்தப் பாதி முழுக்கத் தெரிந்தது.

"ஒண்ணுமில்லண்ணே. ரெண்டு வேம்பு நிக்கி. ஒரு ரேஷன் கடை. தண்ணி டேங்க். சிமெண்ட் ரோடு போட்டிருக்காவ, அதுவும் பேந்து கெடக்கு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாருலே."

நல்லாப் பார்த்தேன். டேங்க் அடியில் ஒரு நாய் படுத்திருந்தது. அதையும் சொன்னேன்.

அவன் வைத்துவிட்டானோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பிறகு அவன் குரல் வந்தது.

"இதுக்கா நம்மள எறங்கச் சொன்னானுவ?"